எவ்வளவு தூரம் வரை வேலை எடுக்கலாம்?

கேள்வி: நான் மதுராந்தகத்தில் பல ஆண்டுகளாக லேபர் காண்ட்ராக்ட் முறையில் வீடு கட்டிக் கொடுத்து வருகிறேன். கொத்தனாரும் சித்தாளுமாக எட்டுப் பேர் என்னிடம் இருக்கிறார்கள். இதுவரை சுற்றுவட்டாரத்தில்தான் வேலை எடுத்திருக்கிறேன். இப்போது பல்லாவரத்தில் ஒரு தனி வீடு வந்திருக்கிறது. சதுர அடிக்கு எங்கள் ஊர் விலையைவிடக் கூட்டித் தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். நாள்தோறும் போய்வரலாமா? ஒப்பந்ததாரர்கள் பொதுவாக எவ்வளவு தூரம் வரை போகிறார்கள்?

பதில்: தொழிலுக்குத் தொழில் இது மாறும். வயரிங், பிளம்பிங் வேலை எடுப்பவர் ஒரு உதவியாளரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போய்விட்டு இரவு வீடு திரும்புவார். ஒரே வீட்டுக்கு மாதக்கணக்கில் தொடர்ந்து போகவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கட்டட வேலை அப்படிப்பட்டது அன்று. உங்கள் ஆட்கள் எட்டுப் பேருக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம் வழியில் கழிந்தால், ஒரு முழு ஆளின் ஒருநாள் வேலை அன்றாடம் சாலையிலேயே போய்விடுகிறது. மதுராந்தகத்திலிருந்து பல்லாவரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பரனூர் சுங்கச்சாவடியிலும் தாம்பரத்தைச் சுற்றியும் காலை நெரிசலைச் சேர்த்தால், இழப்பு ஒரு மணி நேரத்தோடு நிற்காது. விடியற்காலையில் எழுந்து வீட்டுச் சமையலையும் முடித்துவிட்டு வரும் சித்தாள் பெண்களுக்கு அந்த நேரம் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது என்பதையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. சதுர அடி விலை பேசும்போது பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. லேபர் காண்ட்ராக்டில் பொருள் வீட்டுக்காரருடையது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரி காலையில் வரவில்லை, சிமெண்ட் தீர்ந்துவிட்டது, கம்பி மறுநாள்தான் இறங்கும் என்றால், உள்ளூரில் நீங்கள் ஆட்களைப் பக்கத்து வேலைக்குத் திருப்பிவிடுவீர்கள். அன்றைய கூலி தப்பிவிடும். பல்லாவரத்தில் எட்டுப் பேரும் வெறுங்கையோடு திரும்பவேண்டும், கூலியையும் வண்டிச் செலவையும் நீங்கள்தான் கொடுக்கவேண்டும். மழைக்காலத்தில் இப்படிச் சில நாட்கள் அமைந்தாலே கூட்டிக் கொடுத்த விலை கரைந்துவிடும். ஆகவே பயணச் செலவைச் சதுர அடி விலைக்குள் அடக்காமல், நாளொன்றுக்கு இவ்வளவு பேட்டா என்றும், பொருள் வராமல் ஆட்கள் திரும்பினால் அரைநாள் கூலி வீட்டுக்காரர் பொறுப்பு என்றும் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குங்கள். இது பேராசை ஆகாது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமே, 5 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் போக்குவரத்துக்காகவும் கூடுதல் செலவுக்காகவும் கூலியில் 10 விழுக்காடு சேர்த்துத் தரவேண்டும் என்று வகுத்திருந்தது.

கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் போக்குவரத்து மாறவேண்டும். கூரைத் தளம் போடும் நாளில் கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. எந்த நேரத்தில் முடியும் என்றும் சொல்ல முடியாது. அன்றிரவு எல்லாரும் அங்கேயே தங்க ஏற்பாடு வேண்டும். அதன்பிறகு, இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-இன்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பி.பி.சி. வகை சிமெண்ட் என்றால் 10 நாளும் தண்ணீர் கட்டி ஈரம் காயாமல் வைக்கவேண்டும். தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் அடியில் நிறுத்திய முட்டுகளை 7 நாளும், மேற்பட்டால் 14 நாளும் எடுக்கக்கூடாது. இந்த நாட்களில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. பல்லாவரத்திலேயே ஒருவரைத் தண்ணீர் விட அமர்த்திவிட்டு, உங்கள் ஆட்களை ஊர் வேலையில் வைத்துக்கொள்ளலாம். செங்கல் கட்டும்போதும் பூச்சு வேலையின்போதும் திங்கள் முதல் சனி வரை அங்கேயே தங்குவதுதான் சரி. தகரக் கொட்டகையோடு கழிப்பறையும் குடிநீரும் உண்டா என்று முன்பணம் வாங்குவதற்கு முன்பே நேரில் பார்த்துவிடுங்கள். பெண்களுக்குத் தனி இடம் இல்லையென்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் ஒருவர் மட்டும் மேற்பார்வைக்குப் போய்வருவது எளிது. செங்கல்பட்டு வரை பஸ்ஸிலோ வண்டியிலோ சென்று, அங்கிருந்து மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கலாம். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கிறது. மாதக் கட்டணம் ஏறத்தாழப் பதினைந்து ஒருவழிப் பயணங்களின் கட்டணத்துக்குள் முடிந்துவிடும். தென்மாவட்டங்களிலிருந்து வரும் வெளியூர்ப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதால், அவற்றை நம்பிப் புறப்பட்டால் அங்கே மாறி ஏறவேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கான்கிரீட் வார்க்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகைக்கு மேல் ஆட்களை உட்காரவைத்துச் சரக்கு வண்டியில் நெடுஞ்சாலையில் ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் தொழிலில் வேரூன்றிவிட்டது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டத்துக்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கக்கூடும். இரவெல்லாம் கான்கிரீட் போட்டவர்கள் ஓடும் வண்டியில் அசந்து தூங்குவார்கள். வேன் வாடகை கட்டுப்படியாகாத தூரத்தில் இருக்கும் வேலை உங்களுக்குக் கட்டுப்படியாகாத வேலை.

கேள்வி: மேஸ்திரியோடு வெளியூர் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் இழப்பீடு கேட்க முடியுமா? வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால்தான் உண்டு என்கிறார்கள். (சித்தாள் ஒருவர், செங்கல்பட்டு)

பதில்: கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் பணிக்குச் செல்லும் வழியில் வண்டி விபத்தில் இறந்த வழக்கில், பயணத்துக்கும் வேலைக்கும் நேரத்தாலும் இடத்தாலும் சூழ்நிலையாலும் தொடர்பு இருந்தால் அது பணியின்போது நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை அவ்வாறே ஏற்கிறது. அன்றைக்கு அந்த மேஸ்திரியிடம் வேலைக்குப் போனதற்குச் சான்று வேண்டும்; வருகைப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யவில்லையென்றால், வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.