கழலும் செருப்பைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு ஆண்டுகள் என்னுடன் வாழ்ந்த என் இணையர் ஓராண்டுக்கு முன் சண்டையிட்டுப் பிரிந்து சென்றார். ஏழு வாரங்களுக்கு முன் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு ஐ.சி.யூ.வில் இருந்தார். நாங்கள் பிரிந்ததே அவருக்கு நினைவில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக என் வீட்டிற்கு வந்துவிட்டார். முன்பு போலவே அன்பாக இருக்கிறார். இது மூளைக் கோளாறால் வந்த அன்பா? நினைவு திரும்பினால் என்னை வெறுப்பாரா? பத்து நாட்களாகக் காலையில் தலைவலி, பகலிலும் தூக்கம், இடது காலில் செருப்பு தானாகக் கழல்கிறது. ஆஸ்பிரினும், இணையத்தில் பார்த்த வல்லாரை மாத்திரையும் கொடுக்கிறேன். ரிவியூவுக்கு இன்னும் அழைத்துப் போகவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, அவரை உடனடியாக உங்கள் ஊரிலுள்ள மூளை, மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும்படி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இதே அறிகுறிகளை வெறும் அசதி என்று எண்ணி நாட்களைக் கடத்தும் மற்றவர்களுக்காகக் காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

தலையில் அடிபடும்போது மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் இடையிலுள்ள மெல்லிய இரத்தக்குழாய் கிழிந்து, பல வாரங்கள் சொட்டுச் சொட்டாகக் கசிந்த இரத்தம் அங்கே தேங்கி மூளையை அழுத்தக்கூடும். விபத்தன்று எடுத்த ஸ்கேனில் இது தெரியாமலே போகலாம். காலைத் தலைவலி, ஓயாத தூக்கம், ஒரு பக்கக் காலில் பலவீனம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இரத்தக் கட்டு இருந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிடுவார்கள். பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். ஆஸ்பிரின் இரத்தம் உறையும் தன்மையைக் குறைப்பதால் கசிவை அதிகப்படுத்தும். யாரைக் கேட்டு அதைக் கொடுத்தீர்கள்? உடனே நிறுத்திவிட்டு, மாத்திரை அட்டையையும் டிஸ்சார்ஜ் தாளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வல்லாரை மாத்திரை தொலைந்த ஓராண்டைத் திருப்பித் தராது, அதையும் விட்டுவிடுங்கள். இடையில் வலிப்பு வந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

நீங்கள் ரிவியூவைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் மறதியன்று என்று நினைக்கிறேன். மருத்துவர் அவரைக் குணப்படுத்தினால் நினைவு திரும்பிவிடும், அதோடு அவரும் போய்விடுவார் என்று அஞ்சுகிறீர்கள். நினைவு அப்படி ஒரே நொடியில் விளக்குப் போட்டதுபோல் திரும்புவதில்லை. பழைய நிகழ்ச்சிகள் துண்டு துண்டாக முதலில் வரும். விபத்தையொட்டிய காலம் பலருக்கு வராமலே போய்விடுகிறது. இரத்தக் கட்டை வடிப்பதால் அவர் உயிர் பிழைப்பார். அதனாலேயே பிரிவு நினைவுக்கு வந்துவிடும் என்பதில்லை.

அந்த அன்பு கோளாறும் அன்று. உணர்ச்சியின் தடம் நிகழ்ச்சியின் நினைவிலிருந்து வேறாகவே மூளையில் பதிகிறது. புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண்ணின் கையைக் குண்டூசியை மறைத்துக்கொண்டு குலுக்கிய ஜெனீவாவின் உளவியலாளர் கிளாப்பரேட், பின்னொரு நாள் அந்தப் பெண் காரணம் தெரியாமலேயே கையை இழுத்துக்கொண்டதை 1911-இல் எழுதினார். வலிக்குப் பொருந்துவது ஆறு ஆண்டு நெருக்கத்திற்கும் பொருந்தும் என்றே நம்புகிறேன். ஆனால் சண்டையின் கதை மறந்தாலும் அதன் கசப்பு எங்கேனும் தங்கியிருக்கலாம் என்பதையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

ஆகவே பிரிவை அவரிடம் சொல்லத்தான் வேண்டும்; ஆனால் இப்போது வேண்டாம். சிகிச்சை முடிந்து, அவர் தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்தபின், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, யார் மீதும் பழி போடாமல் சொல்லுங்கள். அதுவரை தாம்பத்திய உறவும் பணம் குறித்த முடிவுகளும் தள்ளியிருக்கட்டும். மயக்கத்தில் இருப்பவரின் சம்மதம் சம்மதமாகாது.

மருத்துவமனையில் நீங்கள் யார் என்று சொல்லத் தயங்காதீர்கள். உங்களைப் போல ஒரே பாலினத்தைச் சேர்ந்த, வயது வந்த இருவரின் மனமொத்த உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே கூறிவிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் உறவினர் கையொப்பத்திற்காக மருத்துவர்கள் காத்திருக்க வேண்டியதுமில்லை. அவருடைய பெற்றோருக்கு மட்டும் போன் செய்து விபத்தையும் சிகிச்சையையும் தெரிவியுங்கள். உங்கள் உறவைப் பற்றி அவரே பிறகு சொல்லிக்கொள்ளட்டும்.