முதலில் வட்டியைப் பாருங்கள்

கையில் காசு ஓடாத காலத்தில் வீட்டை எப்படி ஓட்டுகிறீர்கள், எங்கே இடிக்கிறது என்று போன இதழில் கேட்டிருந்தோம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்துதான் நிறையக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, என் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிற வேலை பார்க்கிறார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருந்தாலே பெரிய விஷயம். நான் பீடி சுற்றுகிறேன். பிள்ளைகள் எட்டாவதும் ஐந்தாவதும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். பாலை நிறுத்தினேன், முட்டையை நிறுத்தினேன், அப்படியும் வியாழக்கிழமை ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இன்னும் எதைக் குறைக்க?
– வாசகி, முக்கூடல்

தங்கச்சி, சாப்பாட்டில் இனி எதையும் குறைக்காதீர்கள், முதலில் முட்டையைத் திரும்ப வாங்குங்கள். ஒரு முட்டை கடை டீயை விட விலை குறைவு. பள்ளி நாட்களில் மதியச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை கிடைத்துவிடும், சின்னவனுக்குக் காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே உண்டு, அதனால் நீங்கள் சனி ஞாயிறுக்கும் லீவு நாட்களுக்கும் பார்த்துக்கொண்டால் போதும். சுளகை மடியில் வைத்துக் காலையிலிருந்து ராத்திரி வரை குனிந்தே இருக்கிற உங்களுக்கும் ஒரு முட்டை வேண்டும், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பணம் எங்கே போகிறது என்பதை நீங்களே கடிதத்தின் கடைசியில் எழுதிவிட்டீர்கள். தண்டலில் 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் வாங்கியது, தினம் 100 வீதம் 100 நாள். அப்புறம் கம்மலை வைத்து 20,000, நூற்றுக்கு இரண்டு வட்டி. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தண்டலில் 1,500தானே வட்டி, அதுவும் ஒரே தடவைதானே என்று தோன்றும், ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள், பாதி நாள் போனால் தண்டல்காரர் பணம் பாதிதான் உங்களிடம் இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். கம்மலுக்கு மாதம் 400, வருஷத்துக்கு 4,800, அதாவது 24 சதவீதம். பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி நீங்கள் மிச்சம் பிடித்த காசு இந்த இரண்டு இடத்துக்கும்தான் போகிறது.

கம்மலை வங்கிக்கோ ஊர் சொசைட்டிக்கோ மாற்றுங்கள். வங்கி நகைக்கடனில் வட்டி இதில் பாதிக்குக் கீழேதான் இருக்கும். மீட்கிற அன்றைக்கு முழுப்பணமும் கையில் வேண்டுமே என்பதுதான் சிக்கல், அதற்கு அண்ணன் தம்பி யாரிடமாவது ஒரே ஒரு நாளைக்கு என்று சொல்லி வாங்கி, காலையில் மீட்டு, மதியத்துக்குள் வங்கியில் வைத்து, சாயங்காலம் அவர் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். நம்ம பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான் மாற்றுகிறார்கள். போவதற்கு முந்தின நாளே அந்த வங்கிக்குப் போய் ஒரு கிராமுக்கு எவ்வளவு தருவார்கள், மதிப்பீட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாதத்தில் திருப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். தொகை குறைந்தால் நடுவழியில் நிற்க வேண்டி வரும்.

தண்டல் முடிகிற நாளில் தண்டல்காரரே வந்து "அடுத்தது எழுதிக்கிடலாமா" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அந்த நூறை எடுத்துத் தனியாகப் போடுங்கள். தினம் கட்டிப் பழகிய வீடு அது, கட்ட முடியும் என்பது உங்களுக்கே தெரியும். நூறு முடியாத நாளில் ஐம்பது. அடுத்த தடவை காய்ச்சல், பள்ளிச் செலவு என்று வரும்போது உங்கள் பணமே கையில் இருக்கும்.

இதற்கு மேலே போய் யாராவது வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டாலோ மிரட்டினாலோ பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, குழுக்கடன் நிறுவனங்கள் வசூலில் வம்பு செய்வதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். 2017 அக்டோபரில் அதே வளாகத்தில் கந்துவட்டி தாங்காமல் ஒரு குடும்பமே தீயில் போனதை நாம் பார்த்தோம். கடன் விஷயத்தைப் புருஷனுக்குத் தெரியாமல், அம்மாவுக்குத் தெரியாமல் மூடி வைக்கிற பெண்கள் இந்தக் கடிதங்களிலேயே பல பேர் இருக்கிறார்கள். யாரிடமாவது சொல்லுங்கள். எனக்காவது எழுதுங்கள்.

இன்னொன்று. உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு உதவித்தொகை தருகிறது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும், பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து ஆறு மாசம் ஆகிறது. தக்காளி, வெங்காயம் விலை ஏறினால் என்ன சமைப்பது என்றே தெரியவில்லை. அம்மா எப்படிச் சமாளித்தார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது.
– வாசகி, பாளையங்கோட்டை

அம்மா அந்தக் காயை அந்த வாரம் வாங்கியே இருக்க மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் ஏறும், ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் நெருங்கினால் எல்லாக் காயும் ஏறும், வருஷா வருஷம் இப்படித்தான்.

அந்த வாரத்தில் உளுந்தம்பருப்புச் சோறு வையுங்கள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வருகிற வரை வறுத்துக்கொள்ள வேண்டும், இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. கழுவி, நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு போட்டுக் குக்கரில் வைத்தால் முடிந்தது, தண்ணீர் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், உளுந்து நிறையக் குடிக்கும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வெங்காயம், தக்காளி ஒன்றும் வேண்டாம், வயிறு நிறையும், பெண்களுக்கு இடுப்புக்கு நல்லது என்று நம்ம பாட்டிமார் சொல்வார்கள். மறுநாள் வத்தல் போட்ட புளிக்குழம்பு, அதற்கடுத்த நாள் முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு. கவிச்சி சாப்பிடுகிற வீடு என்றால் சாளை மலிந்து வருகிற நாளில் சாளை வாங்குங்கள், விலை கூடின மீனை விட அதில் சத்து ஒன்றும் குறைவில்லை.

வத்தல் என்றேன், அதைச் சித்திரை வெயிலில் போட்டு வைத்தால்தான் ஐப்பசியில் டப்பாவில் இருக்கும். கத்தரிக்காயும் கொத்தவரங்காயும் விலை சரிகிற வாரம் ஒன்று கோடையில் கட்டாயம் வரும். அப்போது கூடுதலாக வாங்கி, நறுக்கி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவிட்டு, வடித்து, துணியில் பரப்பி மொட்டைமாடியில் போடுங்கள். முதல் நாள் வெயில் சரியாக அடிக்க வேண்டும், மேகமாக இருக்கிற நாளில் ஆரம்பித்தால் பூத்துப் போகும். கையில் எடுத்து ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னொரு நாள் காயட்டும். மிதுக்க வத்தல் கிடைத்தால் விடாதீர்கள்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு வேக நேரமாகிறது என்று பலர் வாங்காமலே விடுகிறார்கள். அரைமணி நேரம் வெந்நீரில் ஊறப்போட்டால் நன்றாகவே வேகும், வெளியில் அதே பருப்பு நூறுக்கு மேல் விற்கிறது. கொண்டைக்கடலை, மொச்சையை ராத்திரியே ஊறப்போடுங்கள், கேஸ் பாதியாகக் குறையும்.

காய் வாங்க மகாராஜநகர் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம். காலையில் போங்கள், அங்கே அன்றைய விலையை எழுதிப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் வருகிற வண்டிக்காரரிடமும் விலை கேட்க வேண்டும். உருளைக்கிழங்கு, பல்லாரி வெங்காயம் மாதிரி தாங்குகிற சரக்கை நாலு வீடு சேர்ந்து நயினார்குளம் மொத்தச் சந்தையில் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் நல்ல லாபம். புளி மாசி பங்குனியில் புதுசு வரும், மிளகாய் வத்தல் பங்குனி சித்திரையில் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும், வருஷத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கிக் காயவைத்து எடுத்து வைக்கலாம். ஆனால் மொத்தமாக வாங்குவதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள், புளியில் மிஞ்சுகிற காசு வட்டியில் போய்விடும். இந்த வருஷம் முடிந்ததை மட்டும் வாங்குங்கள், புளி மட்டும் என்றாலும் சரிதான்.

போன தடவை கரண்ட் ரீடிங் 490 யூனிட், இந்தத் தடவை 520. முப்பது யூனிட்டுக்கு இவ்வளவு பில் வித்தியாசம் எப்படி வரும்?
– வாசகர், பெருமாள்புரம்

தம்பி, மீட்டரில் கோளாறு இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த நூறுக்குக் குறைந்த விலை. 500ஐத் தாண்டிவிட்டால் முதல் நூறு இலவசம் இருக்கும், அடுத்த நூறுக்கான அந்தக் குறைந்த விலை போய்விடும், தாண்டின யூனிட்டுக்கும் விலை கூடுதல். அதனால் 500ஐ ஒட்டி இருக்கிற வீடுகள் ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசி, வாட்டர் ஹீட்டர், துணி தேய்ப்பதில் கொஞ்சம் கையைப் பிடிக்கலாம்.

மின்விசிறியை மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய விசிறி சுமார் 75 வாட், இப்போது வருகிற பிஎல்டிசி விசிறி 30 வாட் பக்கம். தினம் 15 மணி நேரம் ஓடினால் பழையது இரண்டு மாதத்துக்கு 67 யூனிட் எடுக்கும், புதியது 27. கிட்டத்தட்ட 40 யூனிட் மிச்சம், உங்கள் வீட்டுக் கணக்கு 500க்குள் வர அது ஒன்றே போதும். ஆனால் எல்லா விசிறியையும் ஒரே நேரத்தில் தவணையில் மாற்றாதீர்கள். ராத்திரி பகலாக ஓடுகிற ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எப்போதாவது போடுகிற அறையில் பழையதே இருக்கட்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. செலவைக் குறைக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன் என்கிறார்.
– வாசகி, களக்காடு

இதை இன்றைக்கே நிறுத்துங்கள். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் பிரஷர் ஏறி பக்கவாதத்திலும், சிறுநீரகக் கோளாறிலும் கொண்டுபோய் விடும், அப்புறம் ஆகிற செலவைக் குடும்பம் தாங்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் இந்த மாத்திரைகள் இலவசம், 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். வெளியில்தான் வாங்க வேண்டும் என்றால் டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள், அதே மருந்து பல மடங்கு குறைவாகக் கிடைக்கும். மாற்றுவதற்கு முன் பழைய அட்டையையும் புதியதையும் டாக்டரிடம் காட்டி, அளவு ஒன்றுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்து வையுங்கள், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உண்டு. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அட்டைக்கு அலைவது பெரும்பாடு, இப்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.

ஆவணியில் சொந்தத்தில் நாலு கல்யாணம். கடன் வாங்கியாவது மொய் செய்யணும் என்று அம்மா சொல்கிறார்கள். செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாதாம்.
– வாசகர், சுரண்டை

தம்பி, அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நம்ம வீட்டு விசேஷத்தில் அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்யாமல் இருப்பது தப்புதான். முதலில் அம்மாவிடம் மொய் நோட்டை வாங்கி, நாலு வீட்டில் யாருக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அவர்களுக்கு வாங்கின தொகையையே செய்யுங்கள், மேலே போட்டுச் செய்யணும் என்பதை இந்த வருஷம் விட்டுவிடலாம். மற்ற வீடுகளுக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விடுங்கள், காய் நறுக்க, பந்தி பரிமாற, வந்தவர்களை வாங்க என்று சொல்லி உட்கார வைக்க ஆள் எப்போதும் பற்றாது. ரொம்ப நெருங்கின சொந்தம் என்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே மாமாவிடமோ சித்தப்பாவிடமோ நேரில் போய், "இப்ப கை கொஞ்சம் கடியா இருக்கு, தைக்கு மேல செஞ்சிருதேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.