ஸ்வே பாரை நாமே செய்து மாட்டலாமா? வாசகர் கேள்விகள்

என் காரின் முன்பக்க ஸ்வே பார் (இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) 22 மி.மீ. தடிமன் இருக்கிறது. 25 போட்டால் வித்தியாசம் தெரியுமா? வெறும் 3 மி.மீ.தானே?

நன்றாகவே தெரியும். பார்க்கத்தான் அது கம்பி. செய்வது ஸ்பிரிங் வேலை. வண்டி வளைவில் சாயும்போது முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. அந்த விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கணக்குப் போட்டால் உங்கள் 3 மி.மீ.க்கு சுமார் 67 சதவீதம் கூடுகிறது. முன்னால் மட்டும் இவ்வளவு ஏற்றினால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். பின்னால் மட்டும் ஏற்றினால் வால் வீசும். ஈரச் சாலையில் அதுதான் எனக்கு அதிக பயம். அதனால் தடிமனுக்கு ஆசைப்படாமல், பாரின் கையில் (இரு முனையிலும் வளைந்து நிற்கும் பகுதி) இரண்டு மூன்று துளை போட்டு வையுங்கள். பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டுதான் லிங்க். அதை, கையில் 250 மி.மீ. தூரத்தில் உள்ள துளையிலிருந்து 200 மி.மீ. தூரத்துத் துளைக்கு மாற்றினாலே, அதே பார் சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பைக் காட்டும்.

மைல்டு ஸ்டீல் ராடை வளைத்து, முனையில் தகடு வெல்டிங் செய்தால் போதாதா?

போதாது. எஃகு எதுவானாலும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். எவ்வளவு தூரம் முறுக்கும்வரை பழைய நிலைக்குத் திரும்பும் என்பதில்தான் வித்தியாசம். மைல்டு ஸ்டீல் சீக்கிரமே கோணிப்போய் அப்படியே நின்றுவிடும். 5160 போன்ற ஸ்பிரிங் ஸ்டீலை எடுத்து, சூடாக்கி வளைத்து, அப்புறம் முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்துவது) செய்ய வேண்டும்.

வெல்டிங் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒருமுறை கழற்றிய பார் ஒன்றில், வெல்டிங் தழும்பை ஒட்டி மயிரிழை போல ஒரு கோடு. துணியால் துடைத்தும் போகவில்லை; உள்ளிருந்து துரு கசிந்திருந்தது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் கை தனியாக வந்திருக்கும். தனிக் கை வேண்டுமென்றால் ஸ்ப்லைன் (ஒன்றோடொன்று பொருந்தும் நீளவாட்டுப் பற்கள்) வெட்டிப் பொருத்துங்கள்.

குழாயில் செய்யலாமா?

தாராளமாக. 25 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. சுவர் என்றால், அதே விட்டமுள்ள திடக் கம்பியைவிட எடை 46 சதவீதம் குறையும், விறைப்பு 21 சதவீதம்தான் போகும். வளைக்கும்போது குழாய் நசுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு பக்க லிங்க் போல்ட் துளைக்கு நேராக வரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பி மாட்டலாமா?

நெம்பாதீர்கள். நெம்பினால் பார் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் வேறு குணம் காட்டும். சமதளத்தில், நான்கு சக்கரமும் வண்டியின் எடையைத் தாங்கும்போது, நீளம் மாற்றக்கூடிய லிங்கை போல்ட் தானாக வழுக்கி நுழையும் அளவுக்குத் திருகுங்கள். பிறகு சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும், முழுக்க ஏறும்போதும், ஸ்டியரிங் இரு முனையிலும் இருக்கும்போதும், பாரோ லிங்கோ பிரேக் ஹோஸில் உரசுகிறதா என்று பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே போகாதீர்கள்.

பாரைப் பிடித்திருக்கும் பாலியூரித்தேன் புஷ் (ரப்பர் போன்ற உறை) கீச்சிடுகிறது. என்ன செய்வது?

சிலிகான் கிரீஸ் தடவுங்கள். லிங்கைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பினால் பார் சுழல வேண்டும். இறுக்கமாக இருந்தால் பிராக்கெட்டுக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு ஒன்று வையுங்கள்.