"விசேஷம் உண்டா?" என்று கேட்கிறார்கள்: மனசுக்கான கேள்வி பதில்

குழந்தைப்பேறு சிகிச்சைப் பிரிவில் 11 வருடங்களாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். மாத்திரை, ஊசி பற்றிய கேள்விகளை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனசு பற்றி வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, கல்யாணமாகி 4 வருஷம். "எந்நேரமும் கவலைப்பட்டா எப்படித் தங்கும்?" என்கிறார் மாமியார். என்னால்தான் தள்ளிப் போகிறதா?

இல்லை தங்கச்சி. முதலில் இந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சை எடுத்த 3,583 பெண்கள் பற்றிய 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சிகிச்சைக்கு முன்பு மிகவும் வேதனையில் இருந்தவர்களுக்குக் கரு தங்குவது குறைந்துவிடவில்லை. கருக்குழாய் அடைப்பு, முட்டை வளராதது, விந்தணு குறைவு என்று காரணங்கள் உடம்பில் இருக்கின்றன. சிலருக்கு எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருந்தும் காரணம் பிடிபடுவதில்லை. நீங்கள் அழுதது அந்தப் பட்டியலில் கிடையாது.

குழந்தை வராததால் வந்த கவலை இது. அதை உங்கள் தலையிலேயே திருப்பிப் போடுகிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் மனசு ஆறுவதே இல்லை. என்னிடம் வந்த ஒருவர் சொன்னார்: "நாள் நெருங்கினா நாப்கின் வாங்கி வைக்க மாட்டேன் மேடம். வாங்கி வச்சா வந்துடுமோன்னு பயம்." அப்புறம் ராத்திரி பத்து மணிக்குக் கணவரைக் கடைக்கு அனுப்புவாராம். அவர் திரும்பி வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பாராம். மாதாமாதம் இப்படி ஒரு இழப்பு. யாரும் துக்கம் விசாரிக்க வராத இழப்பு. அந்த ஒரு நாள் அழுகை வந்தால் அழுங்கள். சமையலைக் கணவர் பார்க்கட்டும், இல்லை கடையில் வாங்குங்கள். மாமியாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவருடைய மகன் சொல்லட்டும்.

எனக்கு அப்புறம் கல்யாணமான ஓரகத்திக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. போகாவிட்டால் பொறாமை என்பார்கள். போனால் தாங்குவேனா தெரியவில்லை.

பொறாமை வந்தாலும் நீங்கள் கெட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்ற நினைப்பும், எனக்கு ஏன் இல்லை என்ற வலியும் ஒரே நெஞ்சில்தான் இருக்கும்.

நம் ஊரில் சில வீடுகளில் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்து வளையல் போடுவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நேரம் கூடத்தில் இருக்கும் அத்தனை கண்ணும் உங்கள் மேல் இருக்கும். அது வேண்டாம் என்றால் ஓரகத்தியிடம் இப்போதே போன் பண்ணிச் சொல்லுங்கள்: "உனக்கு நான் முந்தின நாளே வந்து வளையல் போட்டுடறேன். கூட்டத்துல நிக்க எனக்கு இப்ப தெம்பில்ல." பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

ஆண் எழுதுகிறேன். விந்தணு கவுன்ட் 6 மில்லியன்தான், குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோரும் மனைவியைத்தான் குத்திப் பேசுகிறார்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

எழுதியதற்கு நன்றி தம்பி. ஆண்கள் எழுதுவது அபூர்வம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். நடுவில் கடும் காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும். எப்போது மறுபடி டெஸ்ட் எடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த எண்ணுக்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உங்கள் மனைவி உங்களுக்காகப் பழி சுமந்துகொண்டிருக்கிறார். ரிப்போர்ட்டை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. "டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போறோம். இனிமே அவகிட்ட கேக்காதீங்க, என்கிட்ட கேளுங்க." இவ்வளவுதான். மனைவி காதில் விழும்படி சொல்லுங்கள்.

எம்ப்ரியோ (கரு) கர்ப்பப்பையில் வைத்து 6 நாள். தினமும் வீட்டில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன், நிறுத்த முடியவில்லை.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் இந்த இரண்டு வாரம்தான் சிகிச்சையிலேயே கொடுமையான காலம் என்று பலர் சொல்வார்கள். ஆறாம் நாள் ஒற்றைக் கோடு வந்தால் அதற்கு அர்த்தமில்லை, அது ரொம்ப சீக்கிரம். டெஸ்ட் கிட் தேடுவது எச்சிஜி என்ற ஹார்மோனைத்தான். எச்சிஜி ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே பொய்யாக இரண்டு கோடு காட்டலாம். மார்பு வலியை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். கரு தங்குவதற்குக் கொடுக்கும் புரோஜெஸ்டிரான் மருந்துக்கும் அது வரும். மிச்சமுள்ள கிட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

ராத்திரி எல்லோரும் தூங்கினதும், இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

அம்மா, இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எனக்கும் தனிச்செய்தி அனுப்புங்கள், ஆனால் முதலில் அந்த அழைப்பு.

மூன்று முறை ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) தோல்வி. போதும் என்கிறார் கணவர். எனக்கு விட மனமில்லை.

தோல்வி வந்த வாரத்தில் இரண்டு பேரும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு மூன்று மாதம் ஊசி, ஸ்கேன் இல்லாமல் இருங்கள். அப்புறம் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: இன்னும் எத்தனை முறை, எவ்வளவு பணம், எதோடு நிறுத்துவது. எழுதி முடித்ததும் தாளை மாற்றிப் படியுங்கள். அவர் "போதும்" என்பதற்கு நீங்கள் படும் வலியைப் பார்க்க முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அதை அவர் கையெழுத்தில் படித்தால் வேறு மாதிரி இருக்கும். செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021 சட்டப்படி சிகிச்சை மையம் ஆலோசனையும் தர வேண்டும். அடுத்த முறை போகும்போது, பில் கட்டும் முன்னால், ஆலோசகர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேளுங்கள். அந்த இரண்டு தாளையும் கொண்டுபோங்கள்.