கன்டெய்னர் ட்ரெய்லரில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் புகைவது ஏன்?

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் ட்ரெய்லர்களில் சில நேரம் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் புகை வருகிறது. அடிக்கடி பிரேக் போடுவதாலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

சரக்கோடு 40 டன் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடினால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 55 லட்சம் ஜூல். பிரேக் பிடித்து நிறுத்தும்போது கிட்டத்தட்ட அத்தனையும் லைனிங்குக்கும் (பிரேக் ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) டிரம்முக்கும் (சக்கரத்தோடு சுற்றும் இரும்பு உருளை) இடையிலான உராய்வில் வெப்பமாகிறது. ஐந்து அச்சில் பத்து டிரம், ஒவ்வொன்றும் 45 கிலோ வார்ப்பிரும்பு என்று வையுங்கள். ஒரு கிலோவை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 460 ஜூல் வேண்டும். வெப்பம் முழுவதையும் டிரம்களே வாங்கினாலும் ஒரு தடவை நிறுத்தினால் ஏறுவது 27 டிகிரிதான். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி, 30 கி.மீ.யிலிருந்து நிறுத்தினால் 7 டிகிரிகூட ஏறாது. மலைப்பாதை என்றால் கதை வேறு. வடசென்னையில் மேம்பாலத்தை விட்டால் இறக்கம் ஏது?

பிரேக்கை விட்ட பிறகும் ஷூ டிரம்மை முழுசாக விடாமல் உரசிக்கொண்டே ஓடுவதுதான் வினை. ஒரு சக்கரத்தில் 500 நியூட்டன் இழுவை இருந்தால் 40 டன் வண்டியை ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 40 கி.மீ. வேகத்தில் அது ஐந்தரை கிலோவாட். பத்து நிமிடத்தில் 33 லட்சம் ஜூல், அதுவும் ஒரே டிரம்முக்குள். காற்றில் போவதைக் கழிக்காவிட்டால் 160 டிகிரி ஏற்றம். ஓடும்வரை காற்று கொஞ்சம் ஆற்றும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் நின்றதும் காற்றோட்டம் போய், சேர்ந்த சூடு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் பரவும். கிரீஸ் உருகி ஒழுகும், லைனிங் கருகும். புகை நின்ற பிறகு அதிகமாகத் தெரிவதும் இதனால்தான்.

டிரம் சூட்டில் விரிந்தால் உரசல் விட்டுவிடாதா? 410 மி.மீ. டிரம் 200 டிகிரி ஏறினால் விட்டம் 0.9 மி.மீ. கூடும், உண்மைதான். ஆனால் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கை அடக்கி வைப்பதே ஏர் பிரஷர்தான்; அது குறைந்து ஸ்பிரிங் அரைகுறையாகத் தள்ளிக்கொண்டிருந்தால் ஷூவும் கூடவே வெளியே நகர்ந்து உரசும்.

மற்ற காரணங்கள்: ஷூவைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்வது, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை அளவுக்கு மீறி முறுக்குவது, ஷூவைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் சுற்றுகிற புஷ் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகுவது. இந்தக் கடைசியை நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்படலாம்.

ஓடி நின்றதும் தெர்மாமீட்டர் கன்னால் எல்லா டிரம்மையும் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக எகிறியிருந்தால் அதுதான். ஆறிய பிறகு மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஏர் முழுசாக ஏற்றி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கையால் சரிசெய்யும் அட்ஜஸ்டர் என்றால் லைனிங் டிரம்மைத் தொடும்வரை முறுக்கி, கால் முதல் அரைச் சுற்று பின்னால் விடுங்கள். அதற்குப் பிறகும் உரசினால் கேம் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

புகையைப் பார்த்துப் பதறி டிரம் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளிப்பக்கம் திடீரென்று சுருங்கி வார்ப்பிரும்பு வெடிக்கும். டயரே தீப்பிடித்துவிட்டால் மட்டும் டிரம்மை மறந்துவிட்டுத் தாராளமாகத் தண்ணீர் அடிக்கலாம். அப்போதும் சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம், டயர் வெடித்தால் ரிம் பக்கவாட்டில்தான் பாயும்.