என்னம்மா சொன்னார்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தை மூன்று வருடமாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பிளஸ் டூவில் வரலாறு இருந்த குரூப் எடுத்தேன். அந்தப் பாடம் என்றால் எனக்கு உயிர். கல்லூரியிலும் அதையே படிக்கிறேன் என்றதற்கு, "அதைப் படிச்சிட்டு எங்கே வேலைக்குப் போவே?" என்று கேட்டு அப்பா பி.காம். சேர்த்துவிட்டார். போன மாதம் பட்டம் வாங்கினேன். இப்போது ஒரு டூவீலர் ஷோரூமில் பில் போடுகிறேன். கல்விக் கடன் தவணை அடுத்த வருடம் தொடங்குகிறது.

ராத்திரி தூக்கம் வராதபோது யூடியூபில் வெளிநாட்டுப் பட்டமளிப்பு உரைகளைக் கேட்கிறேன். ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ், ஹாரி பாட்டர் எழுதிய ரோலிங் என்று தேடித் தேடிக் கேட்டாயிற்று. கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. காலையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் அழுகை வருகிறது. பிடித்ததைத் தேடு, கிடைத்ததோடு நின்றுவிடாதே என்கிறார்கள். நான் 17 வயதிலேயே நின்றுவிட்டேன் அக்கா. இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குச் சொன்னதுதானா? அப்பா மேல் கோபம் வருகிறது. கோபப்படுவது தப்பு என்றும் தெரிகிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

நான் பட்டம் வாங்கிய அன்று அப்பாவும் வந்திருந்தார். எனக்கு வாடகைக் கவுன். முன்னால் போட்டிருந்த யாருடைய பவுடர் வாசனையோ கழுத்துப் பட்டியில் இருந்தது. சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். பின்வரிசையில் அப்பா மடியில் குடையை வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "அவ்வளவு நேரம் பேசினாரே, என்னம்மா சொன்னார்?"

யோசித்துப் பார்த்தேன். உழைப்பு, நாடு, இளைஞர்கள், கனவு. எடுத்துச் சொல்ல ஒன்றும் கையில் நிற்கவில்லை. "நல்லாப் படிக்கணும்னு சொன்னார்ப்பா" என்றேன். "அதான் படிச்சு முடிச்சாச்சே" என்றார் அப்பா. அப்புறம் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து எந்தப் பட்டமளிப்பு உரையைக் கேட்டாலும், இதைப் பஸ்ஸில் அப்பாவிடம் எப்படிச் சொல்வேன் என்று நினைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அறிவுரையாகவே ஓடும் உரையில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. யாராவது ஒரு மனிதர், அவருக்கு நடந்த ஒன்று இருந்தால் அப்படியே சொல்லிவிடலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, கேட்ட உரைகளிலிருந்து நீங்கள் அறிவுரையை மட்டும் எடுத்து வந்து சுமக்கிறீர்களோ என்று தோன்றியது. அதில் இருந்த மனிதர்களை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

ஜாப்ஸையே எடுத்துக்கொள்வோம். 2005 ஜூன் 12, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். நான் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்கியதில்லை என்று ஆரம்பிக்கிறார். பிறகு தன் பிறப்பைச் சொல்கிறார். பெற்ற தாய் கல்யாணமாகாத கல்லூரி மாணவி. தன் குழந்தையைப் பட்டம் பெற்றவர்கள்தான் தத்தெடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். பேசி வைத்திருந்த வக்கீல் தம்பதி, பெண் குழந்தைதான் வேண்டும் என்று கடைசி நேரத்தில் விலகிவிட்டார்கள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருந்தவர்களுக்கு நடுராத்திரியில் போன் போகிறது. எதிர்பாராமல் ஒரு பையன் பிறந்திருக்கிறான், வேண்டுமா? தயங்காமல் வேண்டும் என்கிறார்கள். அந்த அம்மா கல்லூரி முடித்தவர் இல்லை. அந்த அப்பா பள்ளிக்கூடமே முடித்தவர் இல்லை. இது தெரிந்ததும் பெற்ற தாய் கையெழுத்துப் போட மறுக்கிறார். பையனைக் கட்டாயம் கல்லூரிக்கு அனுப்புவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்து, சில மாதம் கழித்துத்தான் இறங்கி வருகிறார்.

பள்ளி முடிக்காத ஒரு அப்பா, பிள்ளையைப் படிக்கவைப்பேன் என்று கொடுத்த வாக்கு. நம்மைப் போன்றவர்களுக்குச் சொன்னதுதானா என்று கேட்டீர்களே, உங்கள் வீடு அந்த உரையின் முதல் ஐந்து நிமிடத்திலேயே இருக்கிறது.

வாக்குப்படியே பதினேழு வருடம் கழித்து ரீட் கல்லூரியில் சேர்த்தார்கள். உழைத்துச் சேர்த்த பணமெல்லாம் கட்டணமாகப் போனது. ஆறு மாதத்தில் ஜாப்ஸ் படிப்பை விட்டார். ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. இன்னும் பதினெட்டு மாதம் போல அங்கேயே சுற்றிக்கொண்டு, பிடித்த வகுப்பில் மட்டும் போய் உட்கார்ந்தார். நண்பர்கள் அறையில் தரையில் படுத்தார். காலி கோக் பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு ஐந்து சென்ட் வரும். அதில் சாப்பிட்டார். ஞாயிறு ராத்திரி ஒரு நேரமாவது வயிறு நிறைய வேண்டும் என்று ஹரே கிருஷ்ணா கோவிலுக்கு ஏழு மைல் நடந்தார். அப்படி உட்கார்ந்த வகுப்புகளில் ஒன்று அழகெழுத்து. பத்து வருடம் கழித்து மேகின்டாஷ் கம்ப்யூட்டரை வடிவமைத்தபோது அது கைகொடுத்தது. கற்றபோது அதனால் ஒரு உபயோகமும் தெரியவில்லை என்று அவரே சொல்கிறார்.

'கிடைத்ததோடு நின்றுவிடாதே' என்ற வரி இதற்கெல்லாம் பிறகு, முப்பது வயதில் தன் சொந்தக் கம்பெனியிலிருந்து வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த கதையைச் சொல்லி முடிக்கும் இடத்தில் வருகிறது. அதைச் சொன்னபோது அவருக்கு ஐம்பது வயது. கணையப் புற்றுநோய் கண்டறிந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. அந்த வரியைத் தனியாக வெட்டி, ஒரு மலை உச்சிப் படத்தின் மேல் ஒட்டி அனுப்புகிறார்கள். வெட்டிய வரி குத்தத்தான் செய்யும்.

இப்படி வெட்டி ஒட்டுவதில் இன்னொன்றும் நடக்கும். 1997-இல் சிகாகோ ட்ரிபியூன் பத்திரிகையில் மேரி ஷ்மிக் என்ற பெண் எழுதிய ஒரு பத்தி, எழுத்தாளர் கர்ட் வானகட் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பட்டமளிப்பு உரை என்று மின்னஞ்சலில் உலகம் பூராவும் சுற்றியது. அந்த வருடம் அங்கே பேசியவர் ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான். வெயிலில் போனால் சன்ஸ்க்ரீன் பூசிக்கொள்ளுங்கள் என்று தொடங்கும் நல்ல பத்தி அது. பாடுபட்டு எழுதியவளின் பெயர் போய்விட்டதே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, ரோலிங்குக்கு வருகிறேன். 2008 ஜூன் 5, ஹார்வர்ட். தோல்வியைப் பற்றிப் பேசினார் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் பெற்றோரைப் பற்றி வரும் பகுதியை நீங்கள் திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டும். அவருடைய அப்பா அம்மா இருவரும் ஏழ்மையில் வளர்ந்தவர்கள், கல்லூரி பார்க்காதவர்கள். வேலைக்கு உதவும் படிப்பைப் படி என்றார்கள். ஜெர்மன் படிப்பதாகச் சேர்ந்தவர், கொண்டுவந்து விட்ட கார் தெருமுனை திரும்புவதற்குள் கிரேக்க, லத்தீன் இலக்கியப் பக்கம் ஓடிவிட்டாராம். கூட்டம் சிரிக்கிறது. உடனே சொல்கிறார்: அவர்களை நான் குறை சொல்லவில்லை. தவறான வழியில் அனுப்பிவிட்டார்கள் என்று பெற்றோர் மேல் பழி போடுவதற்கு ஒரு காலாவதித் தேதி உண்டு. நான் வறுமையைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். வறுமையில் உயர்வு ஒன்றும் இல்லை, அதை அழகாக்கிப் பேசுகிறவர்கள் முட்டாள்கள் மட்டுமே. இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. பட்டம் வாங்கி ஏழு வருடத்தில் கல்யாணம் முறிந்து, வேலை இல்லாமல், கைக்குழந்தையோடு தனியாக நின்றவர்.

அதே உரையில் இன்னொரு இடம். இருபது வயது கடந்த புதிதில் லண்டனில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பின் அலுவலகத்தில் அவருக்கு வேலை. சித்திரவதைக்கு ஆளாகி மனநலம் குலைந்த ஒரு ஆப்பிரிக்க இளைஞர், கிட்டத்தட்ட அவர் வயதுதான், அங்கே வருகிறார். கேமரா முன்னால் பேசும்போது உடம்பு நடுங்குகிறது. ரோலிங்கைவிட ஓர் அடி உயரம். ஆனால் குழந்தை மாதிரி நொறுங்கிப் போயிருக்கிறார். அவரைப் பாதாள ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விடுவது ரோலிங்கின் பொறுப்பு. பிரியும்போது அவர் இவர் கையைப் பிடித்து, எதிர்காலத்தில் நீங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போகிறார். இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் ரொம்ப நேரம் பேசாமல் வந்திருப்பார்.

எனக்கு மிகவும் நெருக்கமான உரை நீங்கள் எழுதிய பட்டியலில் இல்லை. ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற எழுத்தாளர் 2013-இல், தான் பாடம் நடத்தும் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேசியது. வயதானவர்களிடம் எதற்காக வருந்துகிறீர்கள் என்று கேட்பது பயனுள்ள காரியம் என்கிறார். பிறகு தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஏழையாக இருந்ததற்கா? இல்லை. சுமத்ராவில் ஆற்றில் குளித்து ஏழு மாதம் நோயில் கிடந்ததற்கா? அதுவும் இல்லை. பிடித்த பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹாக்கியில் கீழே விழுந்து, சொந்த அணிக்கு எதிராகவே கோல் போட்டதற்கா? அதற்கும் இல்லை.

ஏழாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். உரையில் எலன் என்று பெயர் வைக்கிறார். சின்ன உருவம், கூச்சம். பாட்டிமார்கள் போடுகிற மாதிரி நீலக் கண்ணாடி. பதற்றம் வந்தால், எப்போதுமே பதற்றம்தான், முடியில் ஒரு கற்றையை வாயில் வைத்துக் கடிப்பாள். பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. சில நேரம் "முடி ருசியா இருக்கா?" என்று கேட்பார்கள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அந்த இடத்திலிருந்து கரைந்துவிடப் பார்ப்பாள். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டிருப்பார்: பள்ளிக்கூடம் எப்படி இருந்தது? "நல்லா இருந்ததும்மா." சிநேகிதிகள் கிடைத்தார்களா? "ஓ, நிறைய." தன் வீட்டு முற்றத்தைத் தாண்டப் பயந்தவள் போல அவள் தனியாக நிற்பதை சாண்டர்ஸ் பார்த்திருக்கிறார். பிறகு ஒருநாள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் கதை.

அவர் அவளைக் கிண்டல் செய்யவில்லை. ஓரிரு தடவை அவள் பக்கம் பேசியும் இருக்கிறார். இருந்தும் 42 வருடம் கழித்து அது அவரை உறுத்துகிறது. தன் கண் முன்னால் ஒருத்தி வேதனைப்பட்டபோது, நான் அளவாக, ஜாக்கிரதையாக நடந்துகொண்டேன் என்கிறார். வாழ்க்கையில் தான் வருந்துவது, அன்பு காட்டத் தவறிய அந்த இடங்களுக்குத்தான் என்கிறார்.

இதைக் கேட்ட அன்று எனக்கு விடுதி மெஸ் ஞாபகம் வந்தது. முதல் வருடம் ஒரு பெண் எப்போதும் தட்டோடு தூணை ஒட்டி நின்றபடியே சாப்பிடுவாள். எங்கள் பெஞ்சில் இடம் இருந்தது. அவள் நிற்பதும் எனக்குத் தெரியும். இடம் இருப்பது அவளுக்கும் தெரியும். நான் கூப்பிடவில்லை. இரண்டாம் வருடம் அவள் வரவில்லை. நான் பெற்ற பட்டத்தில் இருந்த எதுவும் இதைவிடப் பெரிய பாடமாக எனக்கு இல்லை. அதற்குப் பிறகு எந்த அறைக்குள் போனாலும் யார் நிற்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.

அப்படியானால் இந்த உரைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? தைத்திரீய உபநிடதத்தில் படிப்பு முடித்துப் போகும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் பகுதி உண்டு. உண்மை பேசு, அறவழியில் நட என்று தொடங்கும். அம்மா, அப்பா, ஆசிரியர், விருந்தினர் எல்லோரையும் தெய்வமாக நினை என்பதும் அங்கேதான் வருகிறது. அதற்கு அடுத்து ஒன்று சொல்கிறார். எங்களிடம் எவை நல்ல நடத்தையோ அவற்றை மட்டும் பின்பற்று, மற்றவற்றை வேண்டாம். ஆசிரியரே சொல்கிறார். ஆகவே ஜாப்ஸின் அந்த ஒரு வரி உங்களுக்கு இப்போது உதவாவிட்டால் தாராளமாக விட்டுவிடுங்கள். ஐந்து சென்ட் பாட்டிலையும், பெயர் பதியாமல் போய் உட்கார்ந்த வகுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பில் போடுகிற வேலை கௌரவமான வேலை. கடனை அடைப்பது பெரிய காரியம். 2019-இல் அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியில் பேச வந்த ராபர்ட் ஸ்மித் என்ற தொழிலதிபர், அந்த வருடம் பட்டம் பெற்ற சுமார் 400 மாணவர்களின் கல்விக் கடனையும் என் குடும்பம் அடைக்கும் என்று மேடையிலேயே அறிவித்தார். கடைசியில் 3 கோடியே 40 லட்சம் டாலர் ஆனது. மாணவர்கள் முதலில் நம்பவே முடியாமல் திகைத்து, பிறகு கத்திக் கொண்டாடினார்கள். கடன் என்பது 21 வயதுத் தோளில் எவ்வளவு கனம் என்று அந்த முகங்களைப் பார்த்தால் தெரியும். உங்களுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. நீங்களே அடைக்கப் போகிறீர்கள். அதை நின்றுவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

வரலாறு எங்கேயும் போய்விடவில்லை. இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு இருக்கிறது, பி.காம். முடித்தவர் சேரலாம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குப் போய் வாருங்கள். உங்களுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெட்டுவான் கோவிலைப் பார்த்திருப்பீர்கள். சமணச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவத்தில் சின்னச் சின்னக் கல்வெட்டுகள் இருக்கும். ஆயிரம் வருடத்துக்கும் முந்தையவை. சிற்பத்தைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அவர்களில் குரத்தியார் என்று பெண் ஆசிரியர்கள் உண்டு, அவர்களுடைய மாணவர்கள் உண்டு. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். வட்டெழுத்தை நாலு ஞாயிற்றுக்கிழமையில் எழுத்துக்கூட்டப் பழகிவிடலாம். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப் போங்கள், பஸ்ஸில் பேசிக்கொண்டு போகலாம்.

கோபம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும். 2011 அக்டோபரில் ஜாப்ஸ் இறந்தபோது பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு, யாரும்மா இவர் என்று அப்பா கேட்டார். ஸ்டான்ஃபோர்ட் உரையை முழுக்கத் தமிழில் சொன்னேன். நடுராத்திரி போன், கையெழுத்துப் போடாத தாய், வாக்கு, ஆறு மாதத்தில் விட்ட படிப்பு, பாட்டில், ஏழு மைல் நடை எல்லாம் சொன்னேன். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"படிக்க வைக்கிறோம்னு வாக்குக் கொடுத்தாங்களே அந்த ரெண்டு பேரு, அவங்ககிட்ட இந்தப் பையன் படிப்பை விட்டுட்டேன்னு எப்படிம்மா சொன்னான்?"

உரையில் அது இல்லைப்பா என்றேன்.

"அந்த அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டார்" என்றார்.

அன்புடன்,
அக்கா