வேலி, மா, குழி: 'சம்' ஏன் முரண்டு பிடிக்கிறது?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பாவின் குத்தகைக் கணக்குக்காகப் பைத்தான் நிரல்மொழியில் 'நிலம்' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். வேலி, மா, குழி என்ற நில அளவுகள் மூன்றும் அதில் உண்டு. இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்டு, கூட்டலுக்கான 'ஆட்' மெத்தடும் எழுதிவிட்டேன். இரண்டு வயலைக் கூட்டினால் 1 வேலி 23 மா என்று வருகிறது. மொத்தப் பட்டியலை, எல்லாவற்றையும் கூட்டித் தரும் 'சம்' ஃபங்ஷனிடம் கொடுத்தாலோ, வகை பொருந்தவில்லை என்று டைப்எரர். எங்கே தப்பு?"

முதல் கோளாறுக்குப் பைத்தான் காரணமில்லை. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்றையும் தனித்தனியே கூட்டினால் 23 மா வரத்தான் செய்யும். உள்ளே குழியை மட்டும் வையுங்கள், அச்சிடும்போது பிரித்துக்கொள்ளலாம். 1 வேலி 15 மா 60 குழி என்றால் 3560 குழி. அதோடு 8 மா 70 குழி, அதாவது 870 சேர்ந்தால் 4430. பிரித்தால் 2 வேலி 4 மா 30 குழி.

'ஆட்' எப்போதும் புது நிலம் ஒன்றைத் திருப்பித் தரவேண்டும். இடப்பக்கத்து வயலையே மாற்றிவிட்டால், கூட்டிப் பார்த்ததற்கே மேலவயல் பட்டாவில் இல்லாத அளவுக்கு வளர்ந்துவிடும்!

சரி, 'சம்' விவகாரம். அது 0-விலிருந்து தொடங்குகிறது. ஆக, முதலில் நடப்பது 0 கூட்டல் நிலம். வெறும் எண்ணுக்கு நிலத்தைக் கூட்டத் தெரியாது. உடனே பைத்தான் வலப்பக்கம் திரும்பி, நிலத்திடம் 'ஆர்ஆட்' மெத்தட் இருக்கிறதா என்று பார்க்கும். நீங்கள் எழுதவில்லை, அதனால் எரர். அதில் 0 வந்தால் தன்னையே திருப்பித் தரும்படி எழுதலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கென்னவோ 'சம்'முக்கு இரண்டாவது மதிப்பாக 0 குழி நிலம் ஒன்றைக் கொடுப்பதுதான் பிடிக்கும். பட்டியல் காலியாக இருந்தாலும் விடை நிலமாகவே வரும். 'ஆர்ஆட்' வழியில் அங்கே வெறும் 0 வந்து, பிறகு வேலி எத்தனை என்று கேட்கும்போது உதைக்கும்.

யாராவது நிலத்தோடு நெல் கலத்தைக் கூட்டப் பார்த்தால்? 'இது எனக்குத் தெரியாது' என்று சொல்லும் 'நாட்இம்ப்ளிமென்டட்' என்பதை ரிட்டர்ன் செய்யுங்கள், எரராக ரெய்ஸ் செய்யாதீர்கள். அப்போதுதான் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். இரு பக்கமும் கைவிரித்தால் டைப்எரரைப் பைத்தானே எழுப்பிவிடும்.

அப்புறம், இரண்டு வயலும் ஒரே அளவா என்று பார்க்க 'ஈக்யூ' எழுதும் எண்ணம் இருந்தால், கூடவே, நிலத்தின் மதிப்பிலிருந்து ஓர் எண்ணைத் தரும் 'ஹேஷ்' மெத்தடையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நிலத்தை டிக்‌ஷனரியில் கீ ஆக வைக்க முடியாது.